ரிக்வுட் மைதானம் கற்பிக்கும் பாடம்

அமெரிக்க நாட்டின் தேசிய விளையாட்டாகப் போற்றப்படுவது பேஸ்பால். அதில் பெரிய லீக், சிறிய லீக் என இரு நிலைகள் உண்டு. இளைஞர் பயின்று மேலே ஏறிச் செல்லும் படிக்கட்டே சிறிய லீக். அந்தப் படிக்கட்டாய் விளங்கிய ஒரு பழைய மைதானத்தின் சரித்திரத்தை இன்று கூற விழைகிறேன்.

அலபாமா மாநிலத்தில், இரும்புத் தொழிலால் வளர்ந்த நகரம் பர்மிங்ஹாம். அந்நகரத் தொழிலதிபர் ரிக் உட்வர்ட், தமக்குச் சொந்தமான பாரன்ஸ் என்னும் அணிக்காக ஒரு மைதானம் அமைத்தார். அது அவர் பெயராலேயே ரிக்வுட் என வழங்கலாயிற்று. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் திறக்கப்பட்ட அது, அமெரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் தொழில்முறைப் பேஸ்பால் மைதானங்களுள் மிகப் பழமையானது. 1936-இல் அங்கே இரவு ஆட்டத்திற்கு விளக்குகள் அமைந்தன.

ஆனால், எத்தனை விளக்கு எரிந்தும் நீங்காத இருள் ஒன்று அங்கே இருந்தது. பாரன்ஸ் வெள்ளையர் அணி. கறுப்பின மக்களுக்குப் பிளாக் பாரன்ஸ் என வேறோர் அணி. ஒரே புல்தரையில் இரண்டும் வெவ்வேறு நாட்களில் ஆடின. பாரன்ஸ் ஆட்டத்தைக் காண வந்த கறுப்பின மக்கள் ஒதுக்கிவைத்த பகுதியிலேயே அமர வேண்டும். இரு இனத்தாரும் கூடி விளையாடுவதை நகரச் சட்டமே தடுத்தது.

1948-இல் வில்லி மேஸ் என்னும் பதினேழு வயதுப் பள்ளி மாணவர் பிளாக் பாரன்ஸ் அணிக்காக அங்கே ஆடினார். பிற்காலத்தில் உலகம் வியந்த அந்த ஆட்டக்காரர், தம் ஊர் மைதானத்தில் வெள்ளை இளைஞருடன் ஓர் அணியாய் நிற்க இயலவில்லை.

பிடிவாதத்தின் விலையை ஊரும் செலுத்தியது. 1961-ஆம் ஆண்டுப் பருவத்தோடு பாரன்ஸ் அணி ஆடிய லீக் கலைந்தது. 1962, 1963 ஆகிய ஈராண்டும் பாரன்ஸ் ஆடவில்லை. 1964-இல் அவ்வணி மீண்டபோது இரு இனத்தாரும் ஒன்றாய் ஆடினர். எனினும் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறுவதில்லை. 1967-இல் அந்நகர அணியில் ஆடிய ரெஜி ஜாக்சனுக்கு உணவகங்களும் விடுதிகளும் இடம் மறுத்தன.

1987-ஆம் ஆண்டோடு பாரன்ஸ் வேறிடம் சென்றது. கைவிடப்பட்ட மைதானத்தை அன்பர் சிலர் சங்கம் கூடிக் காத்தனர். 2024 ஜூன் 20 அன்று பெரிய லீக்கின் முறையான ஆட்டம் ஒன்று முதன்முறையாக அங்கே நடைபெற்றது. அதற்கு இரண்டே நாள் முன்பு வில்லி மேஸ் காலமாகியிருந்தார். அவர் நினைவைப் போற்றக் கூடிய அந்நாளில், தாம் பட்ட அவமானங்களை ரெஜி ஜாக்சன் ஒளிவுமறைவின்றித் தொலைக்காட்சியில் எடுத்துரைத்தார். அங்கே திரும்பி வருவது தமக்கு எளிதன்று என்றும் சொன்னார். விழாவின் மகிழ்ச்சிக்கு அது பங்கம் என்று சிலர் எண்ணியிருக்கலாம். எனக்கோ, அன்றைய நிகழ்ச்சிகளுள் அதுவே தலைசிறந்ததாய்த் தோன்றியது.

வகுப்பறையில் பல்லாண்டு சரித்திரம் போதித்தவன் நான். தேதிகளை மாணவர் மறந்துவிடுவர். கண்ணால் கண்ட இடத்தை மறப்பதில்லை. ஆகவே பழைய இடங்களைக் காத்தல் நன்று. அங்கே நேர்ந்த தவற்றையும் மறைக்காமல் சொல்லிக் காத்தல் அதனினும் நன்று.