அரசு யார் பக்கம் நின்றது?

(சுங்குவார்சத்திரத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"அரசு தொழிலில் தலையிடக் கூடாது, சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று கல்லூரியில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கூட்டம் முடிந்ததும் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். அரசின் கை படாமல் இங்கே வந்த கம்பெனி எது?

சிப்காட்டை 1971-இல் தொடங்கியது தமிழ்நாடு அரசு. நிலம் எடுத்ததும், ரோடு, தண்ணீர், கரண்ட் கொடுத்ததும் அரசு. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததும், 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியதும் வரிச் சலுகைகளோடுதான். தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2014-இல் நோக்கியா ஆலை மூடியபோது நடுத்தெருவில் நின்றவர்கள் தொழிலாளர்கள்.

தொழிற்சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வந்தது, நம் வீட்டுப் பெண்கள் சம்பளம் வாங்கினார்கள். அரசு அள்ளிக் கொடுத்தது யாருக்குப் போனது என்றுதான் கேட்கிறேன்.

என் அம்மா நாற்று நட்ட வயல் இப்போது ஒரு கம்பெனியின் மதிலுக்குள் இருக்கிறது. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு வந்தது. இருபது வருடம் அந்தச் சேற்றில் நின்ற அம்மாவுக்கு ஒரு பைசா வரவில்லை. எங்களிடம் பட்டா இல்லை.

ஏன் இல்லை? பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன்பின் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் பிறர் கைக்குப் போனபோது அரசு வேடிக்கை பார்த்தது. மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். ஆலைக்கு நிலம் எடுக்க ஓடுகிற அரசு, பஞ்சமி நிலம் என்றால் மட்டும் கோப்பைத் தேடுகிறது.

வேலையிலும் இதே கதைதான். 1955-இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். வந்தது. அது அரசு ஆலை, அதனால் இடஒதுக்கீடு உண்டு. இந்தச் சாலையில் உள்ள தனியார் ஆலைகளில் அது கிடையாது. நிலமும் சலுகையும் பொதுச் சொத்திலிருந்து, ஆளெடுப்பது மட்டும் முதலாளியின் விருப்பம்!

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் இதே ஊரில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல். இவர்கள் சங்கம் பதிவானதோ நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரியில்.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே பார்த்தார். அரசு விலகிக்கொண்டால் சுதந்திரம் நிலவுடைமையாளருக்கும் முதலாளிக்கும்தான் என்று எச்சரித்தார். அடிப்படைத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும், நிலத்தை அரசே எடுத்து சாதி பார்க்காமல் குத்தகைக்கு விட வேண்டும் என்று 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' மனுவில் எழுதினார்.

எனவே நாம் கேட்பது மூன்று. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. சலுகை வாங்கும் ஆலையில் இடஒதுக்கீட்டை நிபந்தனையாக்கு. சங்கம் வைத்தால் குறுக்கே நிற்காதே.

முதல் வேலையை நாளைக்கே தொடங்கலாம். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. நிலம் என்று எழுதியிருக்கும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.