அமில உணவும் கார உணவும்: அறிந்து உண்போம்

(கோட்டூர்புரத்தில் ஜமாஅத்தார் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

 

காலை நடை முடித்துத் திரும்புவோர் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் அருந்துவதை நம் பகுதியில் காண்கிறோம். "இரத்தம் அமிலமாகிவிட்டது, கார உணவால் அதை மாற்றினால் எந்நோயும் அணுகாது" என்ற பேச்சையும் கேட்கிறோம். இங்கே காரம் என்பது மிளகாயின் காரம் அன்று. அமிலத்திற்கு எதிரான தன்மை.

உணவை எரித்து, எஞ்சும் சாம்பலைச் சோதித்ததிலிருந்து பிறந்தது இக்கருத்து. அதன்படி இறைச்சி, மீன், முட்டை, அரிசி ஆகியவை அமிலத்தை உண்டாக்குபவை. கீரை, காய், கனிகள் காரத்தை உண்டாக்குபவை. புளிக்கும் எலுமிச்சையும் கார வகையிலேயே சேர்கிறது.

ஆனால் உடல்நலமுள்ளவரின் இரத்தத்தில் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும், சிறுநீரகம் மிகுதியான அமிலத்தைக் கழித்தும் அதனைக் காக்கின்றன. உணவால் மாறுவது சிறுநீரின் தன்மையே. விலை கொடுத்து வாங்கும் கார நீரும் இரைப்பையின் அமிலத்தில் தன் காரத்தை இழந்துவிடுகிறது.

அப்படியானால் கீரையும் கனியும் வீணா? இல்லை. அவற்றிலுள்ள நார்ச்சத்தும் பொட்டாசியமும் மலச்சிக்கலையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்க உதவுகின்றன. நமது நோன்புக் கஞ்சியில் அரிசியும் இறைச்சியும் உண்டு. புதினாவும் மல்லித்தழையும் உண்டு. அமிலம், காரம் என்று அதனைப் பிரிக்க வேண்டியதில்லை. அதனுடன் வைக்கும் வடை, சமோசாவைக் குறைத்துப் பழத்தைக் கூட்டினாலே போதும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறோம். சிறுநீரகம் பழுதடைந்தவர் உடலில் அமிலம் தேங்குவது உண்மை. அதை இரத்தப் பரிசோதனையால் அறிந்து மருத்துவரே மருந்து தருவார். அத்தகையோர் காரம் சேர்ப்பதாக எண்ணித் தாமாகவே இளநீரும் வாழைப்பழமும் கீரைச் சாறும் மிகுதியாக உட்கொண்டால், பொட்டாசியம் வெளியேறாமல் தங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நீரிழிவு உள்ள பலருக்குச் சிறுநீரகம் பழுதடைவது தொடக்கத்தில் வெளியே தெரிவதும் இல்லை.

கார உணவைப் பரப்பி 2002இல் நூல் எழுதிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காக 2016இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். புற்றுநோயாளிகளும் அவரை நம்பி வந்திருந்தனர் என்பதே வேதனை.

ஆகவே, காய்கனிகளை மகிழ்வுடன் உண்போம். சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதிருப்போம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்வோம். நம் வீட்டு முதியவர்களை நாமே அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.