விளக்கு அணைந்தால் கோளாறு போகுமா?



ஓர் ஓட்டுநரின் கதையைக் கேளுங்கள். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். பெட்ரோல் வண்டி. ஒரு நாள் காலை, ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. வண்டி உதறியது. மேட்டில் இழுவை இல்லை.

பட்டறைக்குப் போனார். அங்கே ஒருவர் ஸ்கேனர் கருவியை மாட்டினார். ஒரு பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. ஓட்டுநர் 300 ரூபாய் கொடுத்தார். மூன்றாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. மறுபடியும் 300 ரூபாய்!

கோளாறு எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. வண்டிக்குள்ளேயே இருந்தது.

இன்றைய கார்களில் எஞ்சினைக் கவனிக்க ஒரு சிறு கணினி உண்டு. எஞ்சினின் சூடு, உள்ளே போகும் காற்று, வெளியே வரும் புகை ஆகியவற்றைச் சென்சார்கள் கவனித்து அதற்குச் சொல்கின்றன. ஏதாவது தவறினால், கணினி ஒரு குறியீட்டை எழுதி வைக்கும். விளக்கையும் எரிய விடும். இந்தியாவில் 2010 முதல் புதிய கார்களுக்கு இந்த ஏற்பாடு படிப்படியாகக் கட்டாயமானது.

குறியீட்டில் முதலில் ஓர் எழுத்து இருக்கும். பின்னால் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும். இந்த வண்டியில் வந்தது பி 0301. முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அதற்குப் பொருள்.

ஏன் எரியவில்லை? ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். இக்னிஷன் காயில் கெட்டிருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். குறியீடு இடத்தைத்தான் காட்டும். காரணத்தை மெக்கானிக்தான் தேட வேண்டும்.

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்தால் காய்ச்சல் போகுமா? போகாது. குறியீட்டை அழிப்பதும் அப்படித்தான். இன்னொரு நஷ்டமும் உண்டு. கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் கணினி குறித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். அடுத்த மெக்கானிக்குத் துப்புக் கிடைக்காது.

அப்படியானால் அழிக்கவே கூடாதா? அழிக்கலாம். அதற்கு நேரம் உண்டு.

ஓட்டுநர் வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் முதலில் குறியீட்டைப் படித்தார். தாளில் எழுதினார். பிறகு முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றினார். அதன் பின் குறியீட்டை அழித்தார். வண்டியை ஓட்டிப் பார்த்தார். இப்போது பி 0302 வந்தது. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது! ஆகவே காயில்தான் கெட்டிருந்தது. புதிய காயில் போட்டார். மறுபடி குறியீட்டை அழித்தார். அதன் பிறகு விளக்கு எரியவில்லை.

முதலில் படிக்க வேண்டும். எழுத வேண்டும். பழுது பார்க்க வேண்டும். கடைசியில்தான் அழிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அலட்சியம் வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது. அது அதிகம் சூடாகிக் கெட்டுவிடும். மாற்றப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். உடனே வேகத்தைக் குறையுங்கள். ஓரமாக நிறுத்துங்கள். மெக்கானிக்கை அழையுங்கள்.

நண்பர்களே! இனி ஸ்கேனர் மாட்டினால், "அண்ணே, என்ன குறியீடு வந்தது?" என்று கேளுங்கள். அழிக்கும் முன் அதை உங்கள் கையாலேயே நோட்டில் எழுதுங்கள். தேதியையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் பக்கத்தில் குறியுங்கள். ஓர் எழுத்து, நான்கு எண்கள். இவ்வளவுதான். எழுதக் கற்ற கைக்கு இது பெரிய வேலையா?

விளக்கை அணைப்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள். கோளாறைத் தீர்ப்பதற்குக் கொடுங்கள்.