குளக்கரையில் ஒரு விடுமுறை

ஆழ்வார்திருநகரிக்குக் குடும்பத்துடன் செல்வோர் நம்மாழ்வாரையும் உறங்காப்புளியையும் சேவித்துத் திரும்புவதே வழக்கம். அத்துடன் தென்திருப்பேரைக்கு அருகிலுள்ள கடம்பாகுளத்தையும் காணுங்கள் என்பேன்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின், ஒரு தை மாதக் காலையில் என் மக்களுடன் அக்கரையில் நின்றேன். பாம்புத்தாரா ஒன்று உடலை நீருள் மறைத்து, கழுத்தை மட்டும் பாம்பெனத் தூக்கிற்று. பின்பு கிளையேறிச் சிறகை விரித்து உலர்த்திற்று. அதன் இறகு நீரில் எளிதில் நனையும். மூழ்கி மீன் பிடிக்க அதுவே துணை. வெயிலில் காய்வது அதற்குத் தரும் விலை.

"அந்த நாரையின் அலகு மூடவில்லையே, அப்பா! ஊனமோ?" என்றாள் மகள். ஊனமன்று, அது நத்தைகுத்தி நாரை. நத்தைச் சதையைக் கூட்டினின்று பிரித்தெடுக்கும் கருவி அவ்வலகு.

தாமிரபரணிப் பாசனக் குளங்கள் உழவுக்காக அமைந்தவை; பறவைகளும் அவற்றாலேயே வாழ்கின்றன. குளம் தூர்ந்தால் உழவருக்கும் நாரைக்கும் ஒருங்கே கேடு. அதனை அறிய எண்ணிக்கை வேண்டும். 2011 முதல் தன்னார்வலர்கள் இக்குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். நீங்களும் உங்கள் ஊர்க் குளத்தில் கண்டவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்க்க அக்குறிப்பே சான்றாகும்.