பழைய காரும் அதன் மேற்பூச்சும்

பழைய கார் வைத்திருப்போர், அதன் நிறம் மங்கக் கண்டவுடனே, "சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடலாம்" என்று துணிந்துவிடுகிறார்கள். அவ்வாறு துணிவதற்கு முன் இருக்கின்ற பூச்சைச் சற்றே ஆராய வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மங்கிய பூச்செல்லாம் மாண்ட பூச்சன்று.

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி போன்ற மலையூர்களில் வாழ்வோருக்கு இஃது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. இங்கே காருக்குப் பகைவர் இருவர். ஒருவர் வெயில், மற்றவர் பனிமூட்டம். குளிர்ந்த ஊரில் வெயிலுக்கு வலிமை ஏது என்று பலர் எண்ணுவர். ஆனால் ஆயிரம் மீட்டர் உயர உயரப் புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய 10 விழுக்காடு மிகுகின்றன. கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இக்கதிர்கள் பெயிண்டில் நிறத்துகள்களைப் பிணைத்து நிற்கும் பசையைச் சிதைக்கின்றன. பிணைப்பு அற்ற துகள், சுண்ணாம்புச் சுவரைத் தொட்டாற்போல விரலில் ஒட்டிக்கொள்கிறது. வெயில் இவ்வாறு வாயிலைத் திறந்துவிட, பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே புகுந்து இரும்பைத் துருவாக்குகிறது.

ஆயினும் மேலே வெளுத்த அந்த அடுக்கின் கீழ் நல்ல நிறம் இன்னும் இருக்கக்கூடும். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர், 1960-களில் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றின் பழைய வண்டிகளில், நிறமும் பளபளப்பும் பெரும்பாலும் ஒரே பூச்சில் அமைந்தவை. பிற்காலத்துக் கார்களிலோ நிறத்தின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று தனியே இருக்கும். எது உங்களுடையது என்று அறிவது எளிது. கண்ணில் படாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியால் சிறிது பாலிஷ் இட்டுத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் தெளிபூச்சு இல்லை என்று கொள்ளலாம்.

இனி வேலை முறையைக் கூறுகிறேன். பனி விலகிய முற்பகலில், நிழலில் வண்டியை நிறுத்துங்கள். மணலும் புழுதியும் போக மேலிருந்து கீழாக நீர் ஊற்றிக் கழுவுங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளியும், துணியை அலச மற்றொரு வாளியும் வேண்டும். ஒரே வாளியாயின், எடுத்த மணலையே மீண்டும் பூச்சின் மீது தேய்ப்போம். சலவைச் சோடா ஆகாது. பைன் மரப் பிசின் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்ட வேண்டாம். துணியில் சிறிது மண்ணெண்ணெய் தோய்த்து ஒற்றியெடுத்து, உடனே கழுவிவிடுங்கள்.

அடுத்தது தேய்த்தல். தொழிற்சாலையில் ஏறிய பூச்சின் மொத்தக் கனம், பொதுவாக நாம் எழுதும் தாள் ஒன்றின் கனமே. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு தேய்ப்பும் அதில் சிறிதை அரித்துச் செல்கிறது. பிழையை அழிக்கும் ரப்பரை அழுத்தி அழுத்தித் தேய்க்கும் மாணவன், முடிவில் தாளையே கிழித்துவிடுவான் அல்லவா? ஆகவே மென்மையான பாலிஷில் தொடங்குங்கள். அது போதாதபோது மட்டும் ரப்பிங் காம்பவுண்டை நாடுங்கள். உப்புத்தாள் கடைசி வழி. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மிக மெல்லியது. அங்கே ஒட்டுத்தாளை ஒட்டிக் காத்த பின்பே தேய்க்க வேண்டும்.

துரு கண்ட இடத்தில் பாலிஷ் பயனற்றது. கதவின் அடிப்புறத்திலும் சக்கர வளைவுகளிலும் பெயிண்ட் கொப்புளித்திருந்தால், இரும்பு பளிச்சிடும் வரை அவ்விடத்தை மட்டும் சுரண்டுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே நீர் தொட்டே தேய்த்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நன்கு உலர்த்தி அன்றைக்கே ரெட் ஆக்சைடு பூச வேண்டும்; திறந்த இரும்பை இரவுப் பனியில் விடலாகாது. மேல்நிறத்தைப் பனிமூட்டத்தில் அடிப்பதும் தவறு. தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்கிறது. அக்குளிர்ச்சியில் காற்றின் ஈரம் அதன்மேல் படிய, புதுப் பெயிண்ட் பால் படர்ந்தாற்போல் வெளுத்துவிடும். இரு கலவை பெயிண்டுகளை வீட்டில் தெளிக்கவே வேண்டாம்; அவற்றின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது.

இறுதியாக மெழுகு. பிரேசில் நாட்டுப் பனையினம் ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர் பெற்றது. மெல்லிதாகப் பூசி, உலர்ந்ததும் துடைத்தெடுத்தால், நீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும். மெழுகு தேயும், மீண்டும் பூசலாம். தொழிற்சாலைப் பூச்சு தேய்ந்தால் மீளாது. இந்த வேற்றுமையை உணர்ந்தோர், பளபளப்பைப் பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காகக் காரைத் தேய்த்துத் தேய்த்து மெலியச் செய்யார்.

ஐம்பது ஆண்டு உழைத்த காரின் மேல் ஒன்றிரண்டு கீறல் இருந்தால் இருக்கட்டும். அவை அதன் வயதுக்கு இழுக்கல்ல. துருவைத் தடுப்பதும், உள்ள நிறத்தைக் காப்பதுமே நம் கடமை. அதற்கு வேண்டுவன சிறிது மெழுகும், நிறையப் பொறுமையுமே.