பிழைக் காசும் பித்தலாட்டக் காசும்

(அவனியாபுரத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மாட்டுக் கொம்பில் சல்லிக் காசு கட்டிய ஊரில் காசைப் பற்றிப் பேச முன்னுரை வேண்டாம். "அச்சுப் பிழைக் காசு, லட்சம் பெறும், முதலில் கமிஷன் கட்டு" என்று செல்போனில் வருகிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். பழைய காசு வாங்கி விற்கும் வேலையே தனக்குக் கிடையாது, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

அப்போ பிழைக் காசே கிடையாதா? உண்டு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா சாலைகளில் கோடிக்கணக்கில் அடிக்கும்போது ஒன்றிரண்டு தப்பி வரத்தான் செய்யும். தகட்டில் வில்லை வெட்டி, ஓரத்தை உருட்டி, வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் அச்சு வைத்து ஒரே அடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழும். இதை மனசில் வச்சுக்கிட்டு, "இந்தக் கோளாறு மெஷினுக்குள் நடந்திருக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

ஓரம் பிறை மாதிரி கடிபட்ட காசை எடுத்துக்கொள்வோம். தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழுந்தால் அப்படி வரும். ஓரம் உருட்டும்போது கடிக்கு நேர் எதிரே அழுத்தம் குறைவதால், அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரம் போட்டவனுக்கு அந்த எதிர்ப்பக்கம் ஞாபகம் வராது!

எழுத்து தலைகீழாய்ப் பள்ளமாய் விழுந்த காசும் உண்டு. முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டால் அடுத்ததில் அப்படிப் பதியும். வைஸில் இரண்டு காசை நசுக்கியும் செய்கிறார்கள். ஆனால் அதில் பழைய எழுத்து நசுங்கிப்போய் அடியில் தெரியும்.

இரண்டு பக்கமும் சிங்கமா? விளிம்பின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒட்டிய கோடு தெரியும். கல்லில் போட்டால் 'டொக்' என்கும்.

செம்பு நிற ஒரு ரூபாயா? 1992-ல் வந்த எஃகு ரூபாய் 4.85 கிராம், காந்தத்தில் ஒட்டும். முலாம் பூசினாலும் ஒட்டும்.

தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் வரும் பழங்காசில் ஓரம் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். காசுமாலையில் பற்றவைத்த வளையத்தை எடுத்த தழும்பாக இருக்கலாம், பிழை அல்ல.

காசில் கை வைத்தவன் எல்லாம் மோசடிக்காரன் என்றும் சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தி முகத்தில் உளி வெட்டு. செல்லாததாக்க வெட்டினார்களா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரையும் ஏமாற்றப் போட்ட வெட்டாக எனக்குத் தோன்றவில்லை.

லென்ஸும் காந்தமும் சின்னத் தராசும் மேசையில் இருக்கின்றன. காபிக்கு முன்னால், பையில் இருக்கிற சில்லறையை எடுத்துக்கிட்டு வாங்க, பார்ப்போம்.