கடை திறக்கும் முன் ஐந்து கேள்விகள்

(காரியாபட்டியில் வட்டியில்லாக் கடன் வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு பிரியாணிக் கடை வைக்க ஒரு தம்பி கடன் கேட்டு வந்தார். "உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்டேன். "விலையைக் குறைத்துக் கொடுப்பேன்" என்றார். நாங்களும் மேற்கொண்டு கேட்காமல் கடன் கொடுத்துவிட்டோம். பக்கத்துக் கடைக்காரரும் விலையைக் குறைத்தார். நான்கே மாதத்தில் தம்பி கடையைப் பூட்டினார். தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே இந்த ஆண்டு விண்ணப்பத்தில் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறோம். எங்கே போய்ச் சேர வேண்டும்? அது இலக்கு. யாருக்கு விற்கப் போகிறோம்? அது சந்தை. பிறரிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது? அது பலம். அந்தப் பலத்தை வைத்து எந்த வழியில் போவது, எதை விட்டுவிடுவது? அது வியூகம். அதற்காக இன்று காலை என்ன செய்ய வேண்டும்? அது அன்றாட வேலை. விலைக் குறைப்பு இந்தக் கடைசிப் படியைச் சேர்ந்தது. மேலே நான்கு படியும் இல்லாமல் அது மட்டும் நிற்காது.

நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1922-இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊரில் தொடங்கினார்கள். ஸ்வீடன் நாட்டாரின் விம்கோ கம்பெனி பெரிய இயந்திரங்களோடு களத்தில் இருந்தது. அதே வழியில் போட்டியிட்டால் முடியுமா? ஊரின் பலம் என்ன என்று பாருங்கள். மழை குறைந்த பூமி. விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சி காய வரம். வேலை தேடும் கைகள் ஏராளம். ஆகவே கைவேலையே அவர்கள் வழியாயிற்று. பெட்டியில் அணில், காக்கா படம் ஒட்டினார்கள். எழுத்தறியாதவரும் பெயர் சொல்லிக் கேட்டார். ஒட்டும் படத்துக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்து கலக்கும் பழக்கத்திலிருந்து பட்டாசு வந்தது. ஒன்றிலிருந்து ஒன்று.

ஆனால் அந்தக் குறைந்த கூலிக் கணக்கில் பிள்ளைகளின் கைகளும் சேர்ந்துவிட்டன. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகளை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்க வேண்டியிருந்தது. எனவே ஐந்துக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: இந்த வழி ஹலாலா, இதனால் யாருக்காவது அநீதி உண்டா?

அந்தத் தம்பி மறுபடி வந்திருக்கிறார். மதுரை–அருப்புக்கோட்டை சாலையில் லாரி ஓட்டுநர்களுக்கு விடிகாலை நான்கு மணிக்கே சூடான உணவு. மதியக் கடை வேண்டாம் என்கிறார். அவர் உம்மாவின் கைப்பக்குவம் அவருடைய பலம். இம்முறை நாங்கள் கேட்பதற்கு முன்பே ஐந்துக்கும் பதில் சொன்னார்.

இந்தப் பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த குடும்பத்துக்குப் போகும். அதை மனதில் வைத்துப் பதில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள், உட்கார்ந்து பேசி எழுதுவோம்.

அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.